முனை நுழைந்தால் போதுமா?

கெடாவிலுள்ள ஜெராய் மலையின் உயரம் 1,217 மீட்டர். மலாக்கா நீரிணையிலிருந்து வரும் ஈரக்காற்று அந்த மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்து மேகமாகிறது. பிற்பகலானால் செமிலிங், மெர்போக், பீடோங் வட்டாரத்தில் இடியும் மின்னலுமாக மழை கொட்டுகிறது. உலகில் மின்னல் மிகுதியாக விழும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. ஒரு வீட்டின் மின்கருவிகள் கெட்டுப்போக மின்னல் அந்த வீட்டின் மீதே விழ வேண்டியதில்லை. சற்றுத் தொலைவில் விழுந்தாலும் மின்கம்பிகளில் ஒரு கணம் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி, அது வீட்டுக்குள் ஓடி வரும். மறுநாள் காலையில் பார்த்தால், வீட்டு விளக்குகளையும் கதவு உணர்கருவிகளையும் கேமராவையும் ஒன்றாக இணைத்து நடத்தும் ஹப் என்னும் அந்தச் சிறிய பெட்டி இருண்டு கிடக்கும். பினாங்கிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்யும் பிள்ளைகள் பெற்றோரின் வீட்டைத் தூரத்திலிருந்து கவனித்துக்கொள்ள இப்போது நம்புவது இதைத்தான். எனவே அது நின்றுபோனால் உடனே சரிசெய்யத் தோன்றுவது இயல்பு.

இப்படி நின்றுபோகும்போது பெரும்பாலும் கெட்டது ஹப் அல்ல, அதற்கு மின்சாரம் கொடுத்துவந்த அடாப்டர்தான். மின்னெழுச்சியின் முதல் அடியை வாங்குவது அது. பல சமயம் தான் கருகி, பின்னால் இருக்கும் கருவியைக் காப்பாற்றிவிடும். அடுத்து எல்லா வீடுகளிலும் நடப்பது ஒன்றுதான். இழுப்பறையைத் திறக்கிறார்கள். பழைய ரவுட்டரின் அடாப்டர், எப்போதோ தூக்கிப்போட்ட டிகோடரின் அடாப்டர், கேமராவோடு வந்த ஒன்று, எதனுடையது என்றே தெரியாத இன்னொன்று. அவற்றில் மூன்றின் முனை ஹப்பின் துளையில் அழகாக நுழைகிறது. நுழைகிறதே, அப்படியானால் சரிதான் என்று சுவிட்சைப் போடுகிறார்கள். அந்த முடிவு தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். முனை நுழைவது பொருத்தத்துக்குச் சான்றே அல்ல. சான்று, அடாப்டரின் முதுகிலும் ஹப்பின் அடியிலும் அச்சிட்டிருக்கும் சிற்றெழுத்துகளில் இருக்கிறது. அடாப்டர் என்பது சுவரிலுள்ள 230 வோல்ட்டுக்கும் நம் கைக்கும் நடுவே நிற்கும் ஒரே தடுப்பு. அதை உதிரி ஒயர் போலக் கருதாமல் பாதுகாப்புக் கருவியாகக் கருதித் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடாப்டருக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். தீபகற்ப மலேசியாவில் வீட்டு மின்சாரம் முன்பு 240 வோல்ட் என்று குறிக்கப்பட்டது. 2008 முதல் அது 230 வோல்ட். பத்து சதவீதம் கூடவும் ஆறு சதவீதம் குறையவும் இடமுண்டு, அதாவது ஏறக்குறைய 216 முதல் 253 வரை. இது நொடிக்கு 50 முறை திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். ஹப்புக்குத் தேவைப்படுவதோ ஒரே திசையில் ஓடும் 5 அல்லது 12 வோல்ட். இக்கால அடாப்டர் முதலில் மாறுதிசை மின்சாரத்தைச் சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றுகிறது. பிறகு ஒரு மின்னணு சுவிட்ச் அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டுகிறது. 65,000 முறை என்பது வழக்கமான ஓர் அளவு. வெட்டப்பட்ட மின்சாரம் நகத்தளவே உள்ள ஃபெரைட் மின்மாற்றி வழியாகச் சென்று, சிறிய வோல்ட்டாக மறுபக்கம் வந்து, மீண்டும் நேராக்கப்படுகிறது. அலைவு எண் கூடக்கூட மின்மாற்றியின் அளவைக் குறைக்கலாம். 50 முறைக்குப் பதில் 65,000 முறை என்றால் 1,300 மடங்கு. பழைய அடாப்டர் செங்கல் போலக் கனத்ததும் இப்போதையது உள்ளங்கையில் அடங்குவதும் இதனால்தான். இந்த வெட்டும் சுவிட்ச் ஒரு சிலிக்கான் சில்லு. மின்திறன் சில்லுகளை உருவாக்கும் இன்ஃபினியோன் ஆலை 2006 முதல் நம் கெடாவிலேயே, கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் இயங்கிவருகிறது. 2024 ஆகஸ்டில் அங்கே சிலிக்கான் கார்பைடு சில்லுகளுக்கான பெரும் ஆலையும் திறக்கப்பட்டது. மின்சாரத்தை வெட்டி மாற்றும் நுட்பத்தில் நம் மாநிலத்துத் தொழிலாளர் கை பட்டிருக்கிறது. அந்த நுட்பம் நம் வீட்டில் என்ன செய்கிறது என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனிச் சிற்றெழுத்துகளுக்கு வருவோம். அடாப்டரின் முதுகில் உள்ளீடு, வெளியீடு என்று இரண்டு வரிகள் இருக்கும். உள்ளீட்டு வரியில் 100 முதல் 240 வோல்ட் என்றிருந்தால் அது எந்த நாட்டு மின்சாரத்துக்கும் ஒத்துக்கொள்ளும். 100 அல்லது 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் அது ஜப்பானுக்கோ அமெரிக்காவுக்கோ செய்யப்பட்டது. நம் சுவரில் செருகினால் புகைந்துவிடும். முக்கியமானது வெளியீட்டு வரி. எடுத்துக்காட்டாக 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்று இருக்கும். இந்த இரண்டு எண்களும் ஒரே வகையானவை அல்ல. வோல்ட் என்பது அடாப்டர் கட்டாயமாகக் கொடுப்பது. கருவி கேட்டாலும் கேட்காவிட்டாலும் 12 வோல்ட் அடாப்டரின் முனையில் 12 வோல்ட் நிற்கும். ஆம்பியர் என்பது அடாப்டர் அதிகமாகக் கொடுக்கக்கூடிய எல்லை. எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பதைக் கருவிதான் முடிவு செய்கிறது. ஆகவே வோல்ட் ஒத்திருக்க வேண்டும், ஆம்பியர் குறையாமல் இருந்தால் போதும். 12 வோல்ட், 1 ஆம்பியர் கேட்கும் ஹப்புக்கு 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் பொருந்தும். 12 வோல்ட், அரை ஆம்பியர் பொருந்தாது.

இங்கே வழக்கமாக ஒரு மறுப்பு எழும். இரண்டு ஆம்பியர் கொடுத்தால் ஒரு ஆம்பியர் கருவி எரிந்துபோகாதா என்று கடைக்காரர்களே கேட்பதுண்டு. இதற்கான பதில் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இருக்கிறது. நம் மூன்று முள் சாக்கெட் 13 ஆம்பியர் வரை தரவல்லது. அதே சாக்கெட்டில் சாமி மேடையின் சிறு விளக்கையும் செருகுகிறோம். அந்த விளக்கு ஆம்பியரில் நூறில் ஒரு பங்குகூட எடுப்பதில்லை, எரிந்தும் போவதில்லை. தருவதற்கு இருப்பு அதிகம் என்பதால் எடுப்பது அதிகமாகிவிடாது. ஒரு கருவி எடுக்கும் மின்னோட்டத்தை அதற்குக் கிடைக்கும் வோல்ட்டும் அதன் உள் அமைப்பும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827இல் எழுதிவைத்த விதியின் சாரம் இது. மேலும், ஆம்பியர் சற்றுக் கூடுதலான அடாப்டர் தன் எல்லையை எட்டாமல் ஓடுவதால் குறைவாகச் சூடாகிறது, நீடித்து உழைக்கிறது. பயப்பட வேண்டிய எண் ஆம்பியர் அல்ல, வோல்ட்தான்.

வோல்ட்டைப் பொறுத்தவரை, கருவிகளின் தோற்றத்தையோ பெயரையோ நம்ப முடியாது. 2017இல் வந்த கூகல் ஹோம் மினி 5 வோல்ட், 1.8 ஆம்பியரில் இயங்கியது. ஈராண்டு கழித்து, அதே உருவத்தில், பெயரை மட்டும் சற்று மாற்றிக்கொண்டு வந்த நெஸ்ட் மினிக்கு 14 வோல்ட், 1.1 ஆம்பியர் தேவைப்பட்டது. அமேசானின் எக்கோ டாட்டும் இரண்டாம் தலைமுறையில் 5 வோல்ட்டை ஒட்டிய மின்சாரத்தில் ஓடியது, 2018இன் மூன்றாம் தலைமுறையில் 12 வோல்ட்டுக்கு மாறியது. ஒரே நிறுவனம், ஒரே வரிசை, ஆனால் வோல்ட் இரண்டு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. நல்லவேளையாக இந்த இரண்டு நிறுவனங்களும் அப்போது முனையின் வடிவத்தையும் மாற்றின. எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. ரவுட்டர், ஃபைபர் மோடம், கண்காணிப்புக் கேமரா, ஹப் என்று பலவற்றிலும் காணப்படுவது வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர் கொண்ட ஒரே உருளை முனை. அதில் 5 வோல்ட்டும் வரும், 9, 12, 19, 24 வோல்ட்டும் வரும். 5 வோல்ட்டை எதிர்பார்க்கும் ஹப்பின் நுழைவாயிலில் உள்ள சில்லுகள் பெரும்பாலும் 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காதவை. அதில் 12 வோல்ட் நுழைந்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும். பின்னர் சரியான அடாப்டரை வாங்கி வந்தாலும் பயனில்லை.

கூடினால்தானே ஆபத்து, குறைவான வோல்ட்டைக் கொடுத்துப் பார்ப்பதில் என்ன கெடுதி என்று கேட்கலாம். இது நியாயமான கேள்வி. பழைய டார்ச் விளக்கில் இது சரியும்கூட, வெளிச்சம் மங்கும், அவ்வளவுதான். ஹப் அப்படியல்ல. அதற்குள் வெளியிலிருந்து வரும் வோல்ட்டை 3.3 வோல்ட்டாகவும் அதற்குக் கீழும் இறக்கும் சிறு மாற்றிகள் இருக்கின்றன. அவற்றின் குணம் விசித்திரமானது. உள்ளே தேவைப்படும் வாட் மாறாது என்பதால், வரும் வோல்ட் குறைந்தால் அவை கூடுதல் ஆம்பியரை இழுத்து ஈடுகட்டும். 9 வாட் எடுக்கும் ஒரு ஹப் 12 வோல்ட்டில் முக்கால் ஆம்பியர் எடுக்கும், 9 வோல்ட்டில் 1 ஆம்பியர். ஆகவே 9 வோல்ட், முக்கால் ஆம்பியர் அடாப்டரைச் செருகினால், எண்கள் அருகருகே இருப்பது போலத் தோன்றினாலும், அடாப்டர் தன் எல்லையைத் தாண்டி உழைக்கிறது. சூடேறுகிறது, வோல்ட் மேலும் சரிகிறது, ஹப் அணைந்து எழுந்து அணைகிறது. நினைவகத்தில் எதையோ எழுதிக்கொண்டிருக்கும்போது அப்படி அணைந்தால், இணைத்துவைத்த விளக்குகள், உணர்கருவிகள் பற்றிய பதிவே சிதையலாம். எல்லாவற்றையும் முதலிலிருந்து இணைக்க வேண்டிவரும். ஓடுவது போலத் தெரிகிறது என்பது சரியாக ஓடுகிறது என்பதற்குச் சான்றாகாது.

பழைய கனமான அடாப்டர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரும்பு மின்மாற்றி கொண்ட அவற்றில் பெரும்பாலானவை வோல்ட்டைச் சீராக வைத்திருக்கும் சுற்று இல்லாதவை. 12 வோல்ட் என்று அச்சிட்டிருந்தாலும் முழுச் சுமையில் மட்டுமே அது 12. சுமை இல்லாதபோது 16, 17 வோல்ட் வரை நிற்கும். அவை செய்யப்பட்ட காலத்து வானொலிக்கும் தொலைபேசிக்கும் அது பொருட்டல்ல. இன்றைய ஹப்புக்கு அது நஞ்சு. இன்னும் சில, நேர்மின்சாரத்தையே தராமல் மாறுதிசை மின்சாரத்தைத் தருபவை. வெளியீட்டு எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நேர்கோடும் அதன் கீழ் விட்டுவிட்ட கோடும் இருந்தால் நேர்மின்சாரம், அலைபோல ஒரு நெளிகோடு இருந்தால் மாறுதிசை. கையில் எடுத்துப் பார்த்துக் கனமாக இருந்தால் அதை ஹப்புக்கு நினைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. முதுகில் ரோமன் எண் ஆறு பொறித்திருந்தால், அது மின்விரயத்தைக் கட்டுப்படுத்தும் அண்மைக்காலத் தரத்துக்கு உட்பட்ட அடாப்டர் என்று உற்பத்தியாளர் அறிவிக்கிறார்.

முனையையும் ஒதுக்கிவிட முடியாது. அது சான்றல்ல என்றேனே தவிர, தேவையில்லை என்று சொல்லவில்லை. 5.5 மில்லிமீட்டர் உருளையில் இரண்டு உறவினர்கள் உண்டு. ஒன்றின் உள்துளை 2.1 மில்லிமீட்டர், மற்றொன்றுடையது 2.5. கண்ணால் வேறுபாடு தெரியாது. 2.5 துளை கொண்ட முனை 2.1 ஊசி கொண்ட ஹப்பில் தாராளமாக நுழையும், ஆனால் தொடுப்பு தளர்ந்திருக்கும். யாராவது மேசையைத் தட்டினால் ஹப் அணையும். அந்தத் தளர்ச்சியில் தீப்பொறி எழுந்து முனை கருகுவதும் உண்டு. அடுத்தது திசை. ஒரு புள்ளியும் அதைச் சுற்றிப் பாதி வளையமும், இருபுறமும் கூட்டல், கழித்தல் குறிகளும் கொண்ட சிறு படம் அடாப்டரிலும் ஹப்பிலும் இருக்கும். நடுப்புள்ளியிலிருந்து செல்லும் கோடு கூட்டல் குறியைத் தொட்டால் நடு ஊசி நேர்மின். இக்காலக் கருவிகளில் பெரும்பாலானவை அப்படித்தான். மாறாக அமைந்தவையும் இருக்கின்றன, மின்கிட்டார் வாசிப்பவர்களின் சிறு பெட்டிகளில் அது வழக்கம். தலைகீழாகக் கொடுத்தால் காக்கும் டையோடு சில ஹப்களில் உண்டு, சிலவற்றில் இல்லை. இரண்டு படங்களும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க அரை நிமிடம் போதும்.

சரி, பழைய அடாப்டர்தான் கெட்டது என்பதை எப்படி உறுதிசெய்வது? பலர் மல்டிமீட்டரை முனையில் வைத்து 12 என்று காட்டினால் அடாப்டர் நல்லது, ஹப்தான் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். நல்ல ஹப் இப்படித்தான் குப்பைக்குப் போகிறது. அடாப்டரின் வெளியீட்டில் இருக்கும் மின்தேக்கிகளுக்குள் ஒரு திரவம் உண்டு. வெப்பத்தில் அது மெல்ல வற்றும். வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அந்த மின்தேக்கியின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் பயன்படுத்தும் கணக்கு. தொலைக்காட்சி அலமாரிக்குப் பின்னால், காற்றோட்டமில்லாமல், கெடாவின் வெயிலில், இரவு பகல் ஓயாமல் ஓடும் அடாப்டருக்கு இதன் பொருள் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. மின்தேக்கி வற்றிய அடாப்டர், சுமையில்லாதபோது 12 வோல்ட் காட்டும். ஹப்பை மாட்டியதும் வோல்ட் சரியும், துடிக்கும். ஆகவே ஹப் ஓடும்போது அளக்க வேண்டும், அல்லது எண்கள் ஒத்த வேறு நல்ல அடாப்டரை மாட்டிப் பார்க்க வேண்டும். ஹப் அடிக்கடி தானே அணைந்து எழுகிறது, விளக்குகள் திடீரென்று தொடர்பிழக்கின்றன என்றால், இணையத்தைச் சந்தேகிப்பதற்கு முன் அடாப்டரைச் சந்தேகிக்கலாம்.

யூ.எஸ்.பி. சி முனை வந்த பிறகு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்பது வலுவான மறுப்பு. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் கைப்பேசி, டேப்லட், கேமரா போன்றவற்றுக்கு அந்த முனையைக் கட்டாயமாக்கியது. அந்த முனையில் அடாப்டர் முதலில் கருவியோடு பேசிக்கொண்ட பிறகே மின்சாரம் தருகிறது, 5 வோல்ட்டுக்கு மேல் வேண்டுமென்றால் கருவி கேட்டாக வேண்டும். இது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு, எல்லாக் கருவிகளும் அதற்கு மாறுவதை வரவேற்கிறேன். ஆனால் அந்தச் சட்டம் கையில் எடுத்துச் செல்லும் கருவிகளைப் பற்றியது. சுவரோரம் உட்கார்ந்திருக்கும் ரவுட்டரும் ஹப்பும் அதில் அடங்கவில்லை. பேச்சுவார்த்தையும் எப்போதும் சரியாக நடப்பதில்லை. சொந்தமாக ஹப் அமைப்பவர்கள் விரும்பும் ராஸ்பெரி பை கணினியின் நான்காம் பதிப்பு 2019இல் வந்தபோது, இரண்டு மின்தடைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் வைத்துவிட்டார்கள். அதனால் சிலவகைக் கேபிள்களில் மின்சாரமே வரவில்லை. தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டு பின்னர் திருத்தினார். இன்னொரு பொறியும் இருக்கிறது. கைப்பேசி சார்ஜரிலிருந்து 12 வோல்ட் எடுத்துத் தருவதாகச் சொல்லும் உருளைமுனைக் கேபிள்கள் இப்போது விற்கின்றன. யூ.எஸ்.பி. மின்வழங்கல் தரத்தின் வழக்கமான படிகள் 5, 9, 15, 20 வோல்ட். 12 அந்த வரிசையில் இல்லை. சில சார்ஜர்கள் அதைத் தருகின்றன, பல தருவதில்லை. தராதபோது ஹப்புக்கு 9 அல்லது 5 வோல்ட்தான் கிடைக்கும்.

5 வோல்ட் ஹப்புகளில் கேபிளும் அடாப்டரின் ஒரு பாகம் என்றே கொள்ள வேண்டும். போய்வரும் இரண்டு கம்பிகளுக்கும் சேர்த்துக் கால் ஓம் தடை உள்ள ஒரு மெல்லிய கேபிளில் 2 ஆம்பியர் ஓடினால், அரை வோல்ட் கேபிளிலேயே தொலைகிறது. ஹப்புக்கு 4.5 வோல்ட்தான் சேர்கிறது. ராஸ்பெரி பை 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனாலே எச்சரிக்கை காட்டும். அதன் அதிகாரபூர்வ அடாப்டர் 5 வோல்ட்டுக்குப் பதில் 5.1 வோல்ட் தருவது இந்த இழப்பை ஈடுகட்டத்தான். ஆகவே நீளமான, இரவுச் சந்தையில் வாங்கிய மெல்லிய கேபிளை நல்ல அடாப்டரோடு சேர்த்தால் அடாப்டருக்குக் கொடுத்த காசு வீண்.

இதுவரை சொன்னது ஹப்பின் நலம். இனிச் சொல்வது மனித உயிர். அடாப்டருக்குள் 325 வோல்ட் ஒரு பக்கமும் 12 வோல்ட் மறுபக்கமும் இருக்கின்றன. இரண்டையும் பிரிப்பது சில மில்லிமீட்டர் இடைவெளியும், மின்மாற்றிக் கம்பியின் மேல் சுற்றிய காப்பும், விசேஷமாகச் சோதிக்கப்பட்ட ஒரு மின்தேக்கியும்தான். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் என்னும் குறி இந்த இரட்டைக் காப்பைக் குறிக்கிறது. மலிவுப் பொருள்களில் முதலில் காணாமல் போவது இந்த இடைவெளிதான், ஏனென்றால் அது வெளியே தெரியாது, அடாப்டரும் அது இல்லாமலே ஓடும். அமெரிக்காவின் யு.எல். சோதனை நிறுவனம் 2016இல் போலி ஐபோன் அடாப்டர்கள் 400ஐ வாங்கிச் சோதித்தது. 397 தோற்றன. அவற்றில் 12, ஆளைக் கொல்லக்கூடிய அளவுக்கு மோசமாக வடிவமைக்கப்பட்டிருந்தன. அந்த 397உம் சார்ஜ் செய்யும் கருவிகளாகவே விற்கப்பட்டவை. வேலை செய்கிறது என்பது பாதுகாப்பானது என்பதிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியவில்லை.

மெயின் பெட்டியில் கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்றால், முழுமையாக நம்ப முடியாது. பல வீடுகளில், குறிப்பாகப் பழைய தாமான் வீடுகளில், மொத்த வீட்டுக்கும் ஒரே துண்டிப்பான் இருக்கும். அதன் அளவு 100 மில்லிஆம்பியர். மனித உடலுக்கு 30 மில்லிஆம்பியரே ஆபத்தின் வாசல். அடாப்டருக்குள் காப்பு உடைந்தாலும் அதற்கு நிலத்தொடர்பு இல்லாததால் யாராவது தொடும் வரை கசிவே இருக்காது, துண்டிப்பானுக்கு எதுவும் தெரியாது. இன்னொரு கெட்ட பழக்கமும் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. இணையத்தில் வாங்கிய அடாப்டர் இரண்டு உருண்டை முள்ளோடு வந்தால், சாக்கெட்டின் மேல்துளையில் பேனாவையோ சாவியையோ நுழைத்துத் திறந்து, முள்ளை அழுத்திச் செருகுகிறோம். மேல்துளையில் நீளமான முள் நுழைந்தால்தான் கீழ்த்துளைகள் திறக்கும் என்ற அமைப்பு, குழந்தைகளின் விரலுக்காகச் செய்யப்பட்டது. அதை ஏமாற்றுவது ஒரு தவறு. தட்டை முள்ளுக்குச் செய்த துளையில் உருண்டை முள் சரியாகப் பற்றாமல் சூடேறுவது இன்னொரு தவறு. ஹப்பின் அடாப்டரோ நாள் முழுவதும் மாட்டியே இருப்பது, தூங்கும்போதும் வீட்டில் ஆளில்லாதபோதும். அதற்கு மூன்று முள் அடாப்டர்தான் சரி.

எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதலும் சிரிம் முத்திரையும் பார்த்து வாங்குங்கள் என்றால், முத்திரையையே போலியாக ஒட்டுகிறார்கள் என்ற பதில் வருகிறது. உண்மைதான், ஒட்டுச்சீட்டு மட்டும் எதையும் நிரூபிக்காது. ஆனால் முகவரி உள்ள கடை, ரசீது, உற்பத்தியாளரின் பெயர், முத்திரை, தெளிவான அச்சு ஆகியவை சேர்ந்து வரும்போது போலிக்கு இடம் குறைகிறது. பெயரே இல்லாத வெள்ளைப் பெட்டியில் இவை எதுவும் இராது. அப்படியானால் ஹப் நிறுவனத்தின் அசல் அடாப்டரையே வாங்க வேண்டுமா? கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், அல்லது விலை ஹப்பில் பாதியைத் தொட்டால், எண்களும் திசையும் முனையும் ஒத்த, நல்ல பெயருள்ள வேறு நிறுவனத்தின் அடாப்டர் அதே வேலையைக் குறையில்லாமல் செய்யும். மின்சாரத்துக்கு நிறுவனத்தின் பெயர் தெரியாது. பல வோல்ட்டுகளுக்குத் திருப்பிக்கொள்ளும் பொத்தான் வைத்த பொது அடாப்டர்களை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். துடைக்கும்போது கைபட்டுப் பொத்தான் 5இலிருந்து 12க்கு நகர்ந்தால் கதை முடிந்தது.

அடாப்டர் கெடுவதற்கு முன்பே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, அதை இன்றே செய்துவிடுங்கள். ஹப், ரவுட்டர், மோடம், டிகோடர், கேமரா ஒவ்வொன்றின் அடாப்டரிலும் ஒரு வெள்ளை டேப்பை ஒட்டி, அது எந்தக் கருவியுடையது என்று தமிழில் பெரிதாக எழுதுங்கள். அதற்குக் கீழே வோல்ட், ஆம்பியர் இரண்டையும் எழுதி, கருவியின் அடியிலும் அதே எண்களை ஒட்டுங்கள். பெற்றோர் மட்டும் இருக்கும் வீடாக இருந்தால், அந்தச் சீட்டுகளைப் படம் எடுத்து உங்கள் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். மழை இறங்கும்போது பிளக்கைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். அப்படியும் அடாப்டர் போய்விட்டால், சுங்கைப் பட்டாணியில் கடை தேடிப் போகும்போது முனையை மட்டும் காட்டி ஒன்று கேட்காதீர்கள். 12 வோல்ட் நேர்மின்சாரம், ஒன்றரை ஆம்பியர் அல்லது அதற்கு மேல், நடு ஊசி நேர்மின், உள்துளை 2.1, மூன்று முள், சிரிம் முத்திரை என்று உங்கள் ஹப்பின் எண்களைச் சொல்லிக் கேளுங்கள்.